பாட்டன் பெயரைத் தேடும் தபால்காரர்

பாட்டனின் பெயரைத் தாங்கியவன் பெயரன். பேச்சில் அதுவே பேரன் ஆனது. மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் நம் சேரிகளில் இன்னும் இருக்கிறது. ஆனால், அதே சேரியில் ஒரு கல்லூரி மாணவரை நிறுத்தி, “உங்கள் தாத்தாவின் அப்பா பெயர் என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் அம்மாவைக் கேட்க வீட்டுக்குள் போவார்கள். அம்மா ஆயாவைக் கேட்பார். ஆயா இல்லாத வீட்டில் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

இதை மறதி என்று சொல்லிவிட முடியாது. நிலம் இருந்தவர்களிடம் பத்திரம் இருந்தது. கோயில் மரியாதை இருந்தவர்களுக்குக் கல்வெட்டும் செப்பேடும் இருந்தன. படியாளாக இருந்தவரின் பெயர் ஆண்டை வீட்டுக் கணக்கு நோட்டில் மட்டுமே இருந்தது. அந்த நோட்டு ஒருநாளும் அவர் கைக்கு வந்ததில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இந்தப் பெயர்களைத் தேடி எடுப்பதையே வேலையாக வைத்திருக்கிறார் ஒருவர். கிளை அஞ்சலகத்தில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 66. ஊரில் எல்லோருக்கும் ‘தபால்கார அண்ணன்’. தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “நான் தேடுறது அடுத்தவங்க வீட்டுப் பேருங்க. அதுல என் பேரு எதுக்கு?” என்றார். அவரோடு ஒரு வாரம் நடந்தோம்.

திங்கள்: மொய் நோட்டு

காலை எட்டு மணிக்கே திண்ணையில் சாக்குப் பை வந்து இறங்கியது. காலனியில் 23 வீடுகள் சேர்ந்து கொண்டுவந்தவை. கல்யாண மொய் நோட்டுகள், கருமாதிப் பத்திரிகைகள், பழைய குடும்ப அட்டைகள், பள்ளி மாற்றுச் சான்றிதழ்கள், கறுத்துப்போன இரண்டு புகைப்படங்கள்.

இந்த 23 வீடும் ஒரே கொள்ளுத்தாத்தா வழி வந்தவை என்பது இவர்கள் சொல்வது. ஏரிக்கு வடக்கே உள்ள 1 ஏக்கர் 80 சென்ட் நிலத்தை வெள்ளைக்காரன் காலத்தில் அரசாங்கம் அவருக்குக் கொடுத்தது என்று வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். இப்போது அந்த நிலத்தில் வேறொருவர் பெயரில் பட்டா. நான்கு வருடத்துக்கு முன் கம்பிவேலி போட்டார்கள். இந்தத் தை மாதம் மனைப்பிரிவுக் கற்கள் நட்டார்கள். காலனி இளைஞர்கள் மனு எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனபோது, கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: “அவர் உங்களுக்கு என்ன உறவு? ஆதாரம் எங்கே?”

அண்ணன் முதலில் எடுத்தது மொய் நோட்டு. 1971-இல் நடந்த ஒரு கல்யாணத்தின் நோட்டு அது. இரண்டு ரூபாய், ஒரு ரூபாய், ‘அரிசி 4 படி’ என்று வரிசையாக இருந்தது. “இதுல பணத்தப் பாக்கக் கூடாது தம்பி. ஊர் பேரப் பாக்கணும். மொதல்ல தாய்மாமன் மொய். அவரு எந்த ஊருன்னு போட்டிருக்கும். அதுதான் அம்மா பொறந்த ஊரு” என்றார்.

கருமாதிப் பத்திரிகையும் அப்படித்தான். இறந்தவரின் மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே அதில் அச்சாகி இருக்கும். அச்சடிக்கக் காசில்லாத தலைமுறைக்கு அதுவும் கிடையாது.

மேலை நாடுகளில் குடும்ப வரலாறு தேடுபவர்கள் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களில் தொடங்குகிறார்கள். நம்மிடம் 1871 முதல் கணக்கெடுப்பு உண்டு. எத்தனை பேர் என்ற எண்ணிக்கை நூல்களில் இருக்கிறது; வீடு வீடாகப் பெயர் எழுதிய படிவங்கள் பாதுகாக்கப்படவில்லை. கல்லறைக் கல்லில் தேடலாம் என்றால், நம் சுடுகாடுகளில் மண்மேடுதான் உண்டு. இரண்டு மழையில் அதுவும் கரைந்துவிடும். பிறப்பு, இறப்பைப் பதிவு செய்யச் சென்னை மாகாணத்தில் 1899-இல் சட்டம் வந்தது. மருத்துவச்சி கையில் சேரியில் பிறந்த பல குழந்தைகள் அந்தப் பதிவேட்டுக்குப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்த இடத்திலும் ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும். ஆகவே மொய் நோட்டு.

செவ்வாய்: ஆயாவின் கணக்கு

கொள்ளுத்தாத்தாவை நேரில் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். அவருடைய மூத்த மருமகள். ஊருக்கே ஆயா. தொண்ணூறு இருக்கும் என்கிறார்கள். ஆதார் அட்டையில் 78 என்று இருக்கிறது.

ஆயாவிடம் அண்ணன் வருடம் கேட்கவில்லை. “காந்தி செத்தது நெனவு இருக்குதா ஆயா?” என்று கேட்டார்.

“இருக்குதே. அப்போ நான் சின்னப் பொண்ணு. எங்கம்மாகூட நவரை நடவுக்குப் போயிருந்தேன். பாதியில ஏறச் சொல்லிட்டாங்க. அன்னைக்குக் கூலி குடுக்கல.”

1948 ஜனவரி கடைசி. நடவுக்குப் போகும் வயது என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று. ஆயா பிறந்தது 1935-ஐ ஒட்டி என்று நோட்டில் குறித்துக்கொண்டார் அண்ணன். கிராமத்து முதியவர்களிடம் வயதை இப்படித்தான் வாங்க வேண்டும் என்றார். உலக யுத்தம், ரேஷன் வந்தது, அண்ணா இறந்தது என்று எல்லோருக்கும் தெரிந்த நிகழ்ச்சியை வைத்துக் கேட்டால், முன்னா பின்னா என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

தமிழ் வருடப் பெயரில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ‘தாது வருசத்துப் பஞ்சம்’ என்றால் அது 1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சம். ‘தாது வருசம் பொறந்தான்’ என்றால் 1936 ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். இதைக் கவனிக்காவிட்டால் ஒரு தலைமுறையே மாறிப்போகும்.

அடுத்தது ஆயாவின் கணவர் பெயர். அந்தத் தலைமுறைப் பெண்கள் கணவர் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். அண்ணன் சாமி பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாவது பெயரில் ஆயா சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

மாமனார் பெயரைச் சொல்ல ஆயாவுக்குத் தயக்கம் இல்லை. ஆனால் ஒன்று சேர்த்துச் சொன்னார். “அவரப் பேரு சொல்லி யாரு கூப்பிட்டாங்க? நீர்க்கட்டின்னுதான் கூப்புடுவாங்க.”

ஏரி மதகைத் திறந்து, வாய்க்கால் வாய்க்காலாகத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் நீர்க்கட்டி. எந்தக் கழனிக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பது அவர் கணக்கு. ஊர் நிலம் முழுவதும் அவர் கால் பட்டிருக்கும். அறுவடையில் அவருக்கு வருவது களத்து மேட்டு நெல் சில மரக்கால்.

மாமியார் பெயரைக் கேட்டபோது ஆயா நெடுநேரம் யோசித்தார். ‘அத்தை’ என்றே கூப்பிட்டிருக்கிறார். ஊரும் ‘நீர்க்கட்டி பொண்டாட்டி’ என்றே அழைத்திருக்கிறது. அண்ணன் விடவில்லை. “அத்தை செத்தப்போ நீதான ஆயா ஒப்பாரி வெச்சிருப்ப? அதுல பேரு சொல்லி அழுதிருப்பியே?” ஆயா கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு ஒரு பெயரைச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்திகளில் ஒருத்திக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை. நிலப் பிரச்சினை முடியும்வரை குடும்பத்துப் பெயர்கள் வெளியே வேண்டாம் என்பதால், அதை இங்கே எழுதவில்லை.

குடும்பத்துக்குள் சொல்லப்படும் கதை வரலாறு ஆகுமா என்று மாணவர்கள் கேட்கலாம். தன் பாட்டனார் கந்தப்பன் வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடி எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்ததை அயோத்திதாசப் பண்டிதர் எழுதிவைத்தார். அவர் எழுதாமல் போயிருந்தால் கந்தப்பன் பெயர் நமக்குத் தெரிய வழியில்லை. இதே மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்று தன் வாழ்க்கையை எழுதி 1939-இல் வெளியிட்டார். எழுதிவைத்தவர் வீட்டுக் கதைதான் பிறகு வரலாறாக நிற்கிறது.

புதன்: குறிப்புக் கலம்

செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் பஞ்சமி நிலத்துக்கும் உள்ள தொடர்பு பழையது. இங்கே ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் படியாள்களாகக் கிடந்த நிலையை 1891-இல் அறிக்கையாக எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892-இல் நிலம் ஒப்படைக்கும் அரசாணை வந்தது. அடுத்த பல பத்தாண்டுகளில் மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. கைமாறிப்போன அந்த நிலத்தைக் கேட்டுக் காரணையில் நடந்த போராட்டத்தின்போது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். ‘நிலத்தைக் கேட்டால் என்ன நடக்கும்’ என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்திப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்றைய அ-பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். அதில் புதிய புல எண்ணோடு பழைய புல எண்ணும் இருக்கும். யூ.டி.ஆர். என்று சொல்லப்படும், 1980-களை ஒட்டி நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டில் எண்கள் மாறின. பல இடங்களில் பெயர்களும் மாறின. நிபந்தனைக் குறிப்புகளும் காணாமல் போயின. ஆகவே, அதற்கு முந்தைய பதிவேட்டைப் பார்க்காமல் பஞ்சமி நிலத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

தகவல் உரிமைச் சட்டம் என்றதும் கேள்வி கேட்டுக் கடிதம் போடுவது மட்டும்தான் நம்மில் பலருக்குத் தெரியும். ஆவணத்தை நேரில் பார்வையிடும் உரிமையும் அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவில் இருக்கிறது. அண்ணன் போன மாதமே 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டிருந்தார். புதன்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

“அதெல்லாம் பொடிப்பொடியா உதிருது பெரியவரே. தொட்டா கையோட வரும்” என்றார் பதிவறை ஊழியர். “நான் தொடமாட்டேன் சார். நீங்களே திருப்புங்க, நான் பாக்கறேன்” என்றார் அண்ணன். ஒன்றரை மணி நேரம் அந்த ஊழியர்தான் பக்கம் பக்கமாகத் திருப்பினார். பழைய புல எண் வந்தது. குறிப்புக் கலத்தில் சிவப்பு மையில் ஆதிதிராவிடர் நிபந்தனை என்று எழுதியிருந்தது. பட்டாதாரர் இடத்தில் கொள்ளுத்தாத்தாவின் பெயர். தகப்பனார் பெயர் இல்லை.

அங்கேதான் சிக்கல். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், அந்தக் காலத்தில் அதே சேரியில் அதே பெயரில் மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். ஒருவர் வாரிசு இல்லாமல் இறந்தவர். இன்னொருவர் மேற்குத் தெருக்காரர். மூன்றாமவர்தான் இந்த 23 வீட்டுக்கும் மூத்தவர். பதிவேட்டில் இருப்பவர் யார்?

அண்ணன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். பெயருக்கு முன்னால் பொடி எழுத்தில் ஒரு சொல் இருந்தது. ஊழியர்தான் எழுத்துக் கூட்டிப் படித்தார்: “நீர்...க்கட்டி.”

நாங்கள் இருந்தது அலுவலகம் என்பதால் யாரும் எதுவும் பேசவில்லை. அந்தப் பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் கேட்டு அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். இன்றைய அ-பதிவேட்டில் அதே நிலத்துக்கு நேராகக் குறிப்புக் கலம் வெறுமையாக இருக்கிறது.

வியாழன்: லேபர் பள்ளி

ஆயா சொன்னது வாய்மொழி. பதிவேட்டில் இருப்பது ஒரு சொல். இரண்டையும் கட்டும் மூன்றாவது சான்று வேண்டும் என்றார் அண்ணன். “ரெண்டு காலு இருந்தா ஏணி. மூணு காலு இருந்தாத்தான் முக்காலி, அதுமேலதான் ஒக்கார முடியும்.”

ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் நலனைக் கவனிக்கும் பொறுப்பு அந்தக் காலத்தில் லேபர் கமிஷனரிடம் இருந்தது. அவர் துறை சேரிகளில் பள்ளிகளைத் திறந்தது. பெரியவர்கள் இன்றும் ‘லேபர் பள்ளி’ என்று சொல்வது அவற்றைத்தான். இன்று அவை ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். இந்த ஊர்ப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு தலைமையாசிரியர் அறை பீரோவில் பத்திரமாக இருந்தது.

எங்களோடு ஒரு மாணவியும் வந்தார். கொள்ளுப்பேத்தி. இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு. அவர் விரல்தான் வரிசையாக இறங்கியது. ஓர் இடத்தில் நின்றது. 1932-ஆம் வருடச் சேர்க்கை. மாணவன் பெயர், ஆயா தலையாட்டிய அதே சாமி பெயர். தகப்பனார் பெயர், நிலப் பதிவேட்டில் உள்ள பெயர். தொழில் என்ற இடத்தில் நீர்க்கட்டி. பெற்றோர் கையொப்பம் இட வேண்டிய இடத்தில் ஒரு பெருவிரல் ரேகை. மை மங்கியிருந்தாலும் வட்டங்கள் தெரிந்தன. அந்த மாணவி தன் விரலை அதன்மேல் வைக்காமல், சற்று மேலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்த ரேகைக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. நிலம் கைமாறியதாக ஒரு பத்திரம் பதிவாகியிருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தவரின் ரேகையும் விரல் ரேகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றா என்று நிபுணர் பார்த்துச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் விட்டுச்சென்ற கையெழுத்து அதுதான்.

சாதிக் கலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே பதிவேட்டின் முன்பக்கங்களில் ‘பஞ்சமர்’ என்று இருக்கிறது. பிறகு ‘ஆதிதிராவிடர்’ என்று மாறுகிறது. பழைய பெயர்களை விடுத்து ஆதிதிராவிடர் என்று எழுத அரசு ஆணையிட்டது 1922-இல். பழக்கம் மாறச் சில வருடங்கள் எடுத்திருக்கிறது. ஒரே ஆள் இளமையில் ஒரு சாதிப் பெயரிலும் முதுமையில் வேறொன்றிலும் பதிவாகியிருக்கலாம். வேறு ஆள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மாணவி ஒரு கேள்வி கேட்டார்: “பழைய பதிவுல இருக்கிற அந்த வார்த்தைகள நாமளும் அப்படியே எழுதணுமா அண்ணா?” “நகல்ல இருக்கிறபடியே இருக்கட்டும்மா. அவங்க என்ன எழுதுனாங்கன்றதுக்கு அது சாட்சி. நாம எழுதுற வம்சாவளியில நம்ம வார்த்தைய எழுதுவோம்” என்றார் அண்ணன்.

வெள்ளி: கடல் தாண்டிய காகிதம்

வெள்ளிக்கிழமை நிலத்துக்கு விடுமுறை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருந்து ஒரு குடும்பம் அனுப்பிய கப்பல் பதிவின் நகல், பேரன் கைபேசியில் வந்திருந்தது.

நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் ட்ரூரோ. சென்னையில் இருந்து கிளம்பி, 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911-இல் நிறுத்தப்படும்வரை 1,52,184 பேர் போனார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். செங்கல்பட்டு, வட ஆர்க்காடு சேரிகளில் ‘கப்பலுக்குப் போனவங்க’ என்ற பேச்சு இன்றும் உண்டு.

அந்தப் பதிவில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. மனிதரைச் சரக்காக எண்ணிய பதிவு அது. ஆனாலும் அதில் பெண்ணுக்குத் தனி எண் இருக்கிறது, சொந்தப் பெயர் இருக்கிறது. ஊரில் ‘நீர்க்கட்டி பொண்டாட்டி’ என்று மட்டும் இருந்த காலத்தில், கப்பலேறிய பெண்ணின் பெயரைக் கப்பல் குமாஸ்தா எழுதிவிட்டார்.

ஊர்ப் பெயரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். செங்கல்பட்டே ‘சிங்கிள்புட்’ என்று இருக்கும்போது, சிற்றூர்களின் கதி என்ன? காதில் விழுந்ததை வெள்ளைக்காரக் குமாஸ்தா எழுதிவைத்தார். அண்ணன் அந்த எழுத்துகளைத் திரும்பத் திரும்பச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். 40 வருடம் தபால் பிரித்த காது. ஆறாவது முறை படித்தபோது, “நிறுத்து, நிறுத்து. அது பாக்கம் இல்ல, வாக்கம்” என்றார். அந்தப் பெயரில் வட்டத்தில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. எது என்று இந்தக் காகிதம் சொல்லாது. இரண்டையும் எழுதி, “உங்கள் வீட்டில் குலதெய்வம் எது என்று பெரியவர்களைக் கேளுங்கள், அம்மன் பெயர் கிடைத்தால் ஊரைச் சொல்லிவிடலாம்” என்று பதில் அனுப்பச் சொன்னார். இதுதான் உங்கள் ஊர் என்று ஒன்றைக் காட்டிவிடுவது எளிது. அப்படிக் காட்டினால், 120 வருடம் கழித்து வருகிறவர் யாரோ ஒருவருடைய வாசலில் நின்று அழுதுவிட்டுப் போவார்.

சனி: எழுத வேண்டாம் என்றவர்கள்

நீர்க்கட்டியின் மூன்றாவது மகன் இளவயதில் கோலார் தங்கவயலுக்குப் போனவர். அங்கிருந்து வந்த மணியார்டர்களை இந்த வீடுகளுக்குக் கொண்டுவந்து கொடுத்தவரே நம் அண்ணன்தான். அதனால் அந்தக் கிளையின் முகவரி அவருக்கு மனப்பாடம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பிள்ளைகள் பெங்களூருவுக்கு ரயிலில் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள்; சிலர் அங்கேயே குடியேறினார்கள்.

மூன்று வீடுகளுக்குப் போன் செய்தார். இரண்டு வீட்டில் மகிழ்ச்சியோடு பெயர்களைச் சொன்னார்கள். மூன்றாவது வீட்டில் குரல் இறங்கியது. “அண்ணே, இங்க நாங்க யாருன்னு யாருக்கும் சொல்லல. பொண்ணுக்கு வரன் பாக்குறோம். எங்கள எழுதாதீங்கண்ணே.”

அண்ணன் வாதாடவில்லை. “சரிம்மா” என்றார். வம்சாவளியில் அந்த இடத்தில் பெயர் இல்லாமல் ஒரு வட்டம் போட்டு, கீழே ‘ஒரு குடும்பம் உண்டு’ என்று மட்டும் எழுதினார். நாளை நிலம் திரும்பி வந்தால் அவர்கள் பங்கு விட்டுப்போகக் கூடாது. அதுவரை அவர்கள் பெயரும் வெளியே போகக் கூடாது. சாதியைச் சொன்னால் வரன் தட்டிப்போகும் என்று ஒரு குடும்பம் சொந்த பாட்டன் பெயரை மறைத்து வாழ்கிறது. அந்த வெற்று வட்டத்தையும் வரலாறாகவே படிக்க வேண்டும்.

ஞாயிறு: மகள் வழி

அம்பேத்கர் மன்றத்தின் தரையில் சார்ட் தாள்கள் ஒட்டிய வம்சாவளி விரிக்கப்பட்டது. ஐந்து தலைமுறை. குழந்தைகள் தங்கள் பெயரைத் தேடி அதன்மேல் தவழ்ந்தார்கள்.

சிக்கல் அரை மணி நேரத்தில் வந்தது. நீர்க்கட்டிக்கு ஒரு மகளும் உண்டு. பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவர். அண்ணன் அந்த வழியையும் எழுதியிருந்தார். “கட்டிக் குடுத்த பொண்ணு வழி எதுக்கு? 23 வீடு 31 வீடா ஆயிடும்” என்றார்கள் இரண்டு மூன்று பேர். குரல்கள் உயர்ந்தன.

அண்ணன் சட்டத்தைச் சொன்னார். நீர்க்கட்டி இறந்தது, ஆயா கணக்கின்படி, 1962 தேர்தலுக்கு அடுத்த வருடம். இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956-இல். உயில் எழுதாமல் இறந்த ஒருவரின் சொந்தச் சொத்தில் மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு என்று அந்தச் சட்டமே சொல்கிறது. மகள் வழியை மறைத்து வம்சாவளி கொடுத்தால், நாளை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

சட்டத்தைக் கேட்டும் சிலர் முகம் தெளியவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த ஆயா பேசினார். “மாமனார் கடைசி ஒரு வருசம் படுத்துட்டாரு. வாரத்துல மூணு நாளு நடந்து வந்து கஞ்சி ஊத்துனது அந்தப் பொண்ணுதான். நீங்கள்ளாம் அப்போ பொறக்கல.” அதன் பிறகு யாரும் பேசவில்லை. 31 வீட்டின் சார்பிலும் மனுவில் கையெழுத்தானது. மகள் வழிப் பேரன் ஒருவரும் முதல் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார்.

நீர்க்கட்டியின் பெயருக்குப் பக்கத்தில் அவர் மனைவியின் பெயர் இப்போது எழுதப்பட்டிருக்கிறது. மூன்று பேத்திகள் அதைத் தங்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

நிலம் வருமா என்று இப்போது சொல்ல முடியாது. சான்றிட்ட நகல் வர வேண்டும். வில்லங்கச் சான்றில் இடைப்பட்ட பத்திரங்களைப் பார்க்க வேண்டும். ரேகையை ஒப்பிட வேண்டும். தகவல் மனுவுக்கு 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அண்ணன் வீட்டு நாட்காட்டியில் இரண்டு தேதிகளையும் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார்.

மாணவர்களுக்கு அவர் சொல்லச் சொன்னது இது. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். வீட்டில் மூத்தவரிடம் முதலில் போங்கள்; பதிவேடு இன்னும் பத்து வருடம் பீரோவில் இருக்கும், ஆயா இருக்கமாட்டார். பெண்களின் பெயரையும் அவர்கள் பிறந்த ஊரையும் தவறாமல் கேளுங்கள். பட்டப்பெயரையும் தொழில் பெயரையும் விட்டுவிடாதீர்கள். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். மொய் நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள்.